வேலிக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் ஒரே செடி: வீட்டில் களா வளர்க்க விரும்புவோருக்கு

கிணறு வற்றிய கோடையிலும் பச்சை மாறாமல் நிற்கும் செடி எது என்று செம்மண் சரளைக் காட்டில் ஆடு மேய்ப்பவர்களிடம் கேட்டால், அவர்கள் சொல்லும் இரண்டு மூன்று பெயர்களில் களாவும் ஒன்றாக இருக்கும். அந்தச் செடியை வீட்டைச் சுற்றி உயிர்வேலியாக நட்டு, அதன் காயை ஊறுகாய்க்கும் பழத்தை ஜெல்லிக்கும் பயன்படுத்துவது எப்படி என்பதைப் புதியவர்களுக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன். புதுக்கோட்டைப் பக்கம் பத்து சென்ட் மனையில் களா வேலி போட்டு வளர்த்த பழக்கத்திலிருந்து எழுதுவதால், மாதக் கணக்குகள் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஊர்களுக்கே பொருந்தும். தென்மேற்குப் பருவமழை பெறும் மேற்கு மாவட்டங்களில் இருப்பவர்கள் நடவை முன்கூட்டியே ஆனி, ஆடியில் வைத்துக்கொள்ளலாம்.

தொடங்குவதற்கு முன்பே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். களா வேலி ஆடு புகாத அளவுக்கு அடர்வதற்கு மூன்று முதல் நான்கு ஆண்டுகள் ஆகும். அவ்வளவு காலம் காத்திருக்க முடியாதவர்கள் முள்கம்பி வேலியை முதலில் போட்டுவிட்டு, அதன் உட்புறத்தில் களாவை நட்டு வளர்ப்பது நல்லது. கம்பி துருப்பிடித்து அறுந்து விழும் காலத்தில் செடி அந்த வேலையை ஏற்றுக்கொண்டிருக்கும்.

எந்தக் களா?

களா என்ற பெயரில் மூன்று செடிகள் புழங்குகின்றன. நமக்கு வேண்டியது காரிஸ்ஸா காரண்டாஸ் என்று தாவரவியலார் குறிப்பிடும் பெருங்களா. அதன் இலை தடித்து, பளபளப்பாக, இரண்டு அங்குல நீளத்தில் இருக்கும். முள் ஓர் அங்குலத்துக்கும் கூடுதலாக நீண்டு, சில இடங்களில் கவையாகப் பிரிந்திருக்கும். காய் கோலிக்குண்டு அளவில் கொத்துக்கொத்தாகத் தொங்கும். புதர்க்காடுகளிலும் கோயில்காடுகளிலும் தானாக முளைத்திருப்பது பெரும்பாலும் சிறுகளா. அதன் பழம் பட்டாணியைவிடச் சற்றுப் பெரிதாக, மிக இனிப்பாக இருக்கும்; பறித்த இடத்திலேயே தின்பதற்கு அதற்கு இணையில்லை என்றாலும், ஊறுகாய்க்கு அதில் சதை போதாது. நகரத்து நாற்றங்கால்களில் தொட்டிச்செடியாக விற்கப்படும் மூன்றாவது வகை தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த நேட்டால் பிளம். அதன் பூ பெரியது, பழம் சிவப்பு. அதுவும் உண்ணத் தக்கதே என்றாலும் இந்தக் கட்டுரையின் நடவுக் கணக்கு அதற்குப் பொருந்தாது. ஆகவே நாற்று வாங்கும்போது தாய்ச்செடியின் காயைப் பார்த்து வாங்குவதே பாதுகாப்பானது.

பழத்தின் நிறத்திலும் இருவகை உண்டு. நம் ஊர்களில் பழக்கமானது பச்சையிலிருந்து செம்மைக்கு மாறி, கடைசியில் மை போலக் கறுக்கும் வகை. சங்கப் புலவர்கள் யாழின் கரிய தண்டுக்குக் களங்கனியை உவமையாக்கியது இந்தக் கருமையைக் கண்டுதான். களங்காயால் தொடுத்த கண்ணியைச் சூடியதால் களங்காய்க்கண்ணி நார்முடிச்சேரல் என்றே பெயர்பெற்ற சேர மன்னனும் இருந்தான் என்னும்போது, இந்தச் செடி நம்மோடு எவ்வளவு காலமாக இருக்கிறது என்பது விளங்கும். மற்றொன்று வெண்மையில் இளஞ்சிவப்பு படர்ந்த காய் காய்க்கும் வகை. பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட பந்த் மனோகர், பந்த் சுதர்சன் ஆகிய தேர்ந்தெடுத்த வகைகள் இந்த நிறத்தவை. மகாராஷ்டிரத்தின் தாபோலியிலிருந்து வந்த கொங்கன் போல்டு என்ற பெருங்காய் வகையும் உண்டு. ஊறுகாய்க்கு எந்த நிறமும் ஒன்றுதான். ஆனால் ஜெல்லிக்கும் சர்பத்துக்கும் கறுத்த வகையே நிறம் தரும் என்பதால், இரண்டையும் கலந்து நடுவதை நான் விரும்புகிறேன்.

இடத்தைப் பார்ப்பதும் எண்ணிக்கை போடுவதும்

களாவுக்கு முழு வெயில் வேண்டும். மாமரத்தின் நிழலில் நட்டால் செடி உயிரோடு இருக்கும், பூக்காது. மண்ணைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. சரளை, செம்மண், ஓரளவு உப்பு ஏறிய மண் எல்லாவற்றிலும் அது வளரும். அது தாங்காதது நீர் தேங்குவதை மட்டுமே. மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிற்கும் பள்ளமான மூலை இருந்தால், அங்கே மண்ணை ஓரடி உயரத்துக்கு வரப்பாகக் கூட்டி, அதன் மேல் நடவேண்டும்.

பத்து சென்ட் என்பது 4,356 சதுர அடி. மனை சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 66 அடி; செடியை எல்லையிலிருந்து மூன்று அடி உள்ளே தள்ளி நடுவதால் வேலியின் ஒரு பக்கம் 60 அடி, சுற்றளவு 240 அடி. வாசலுக்குப் பன்னிரண்டு அடி விட்டுவிட்டு, மூன்று அடிக்கு ஒரு செடி என்று கணக்கிட்டால் 76 செடிகள் தேவைப்படும். முளைக்காதவை, ஆடு கடித்தவை, கோடையில் காய்ந்தவை ஆகியவற்றை ஈடுகட்ட நூறு நாற்றுகளாகத் தயார்செய்துகொள்ள வேண்டும். பழத்துக்காக மட்டும் இரண்டொரு செடி வளர்ப்பவர்கள் எட்டு அடி இடைவெளி கொடுக்கலாம். வெட்டாமல் விட்டால் அது ஆள் உயரத்தைத் தாண்டி அகலமான புதராகப் படரும்.

மனையின் எல்லைக் கோட்டிலேயே நடாமல் மூன்று அடி உள்ளே தள்ளி நடுங்கள். செடி இருபுறமும் பரவும்போது பக்கத்து வீட்டாரின் நடைபாதைக்கு முள் நீட்டக் கூடாது. குழந்தைகள் ஓடியாடும் முற்றத்தையும் சைக்கிள் நிறுத்தும் இடத்தையும் ஒட்டிக் களா நடுவது தவறு. காய்ந்த களாமுள் செருப்பின் அடித்தோலையும் டயரையும் துளைத்துவிடும்.

விதையிலிருந்து நாற்று வரை

வேலிக்கு விதை நாற்றே போதும், செலவும் குறைவு. இங்கே புதியவர்கள் செய்யும் பெரிய பிழை விதையைச் சேமித்து வைப்பது. கத்தரி, வெண்டை விதையைப் போலக் களா விதையை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்க முடியாது. அதன் முளைப்புத்திறன் விரைவில் போய்விடும். முதல் முறை நான் ஆவணியில் எடுத்த விதையைத் துணியில் முடிந்து பரணில் வைத்து, மறுவருட ஆனியில் விதைத்தேன். இருநூறு விதைகளில் ஒன்றுகூட முளைக்கவில்லை. வேலி ஒரு வருடம் தள்ளிப்போனது.

ஆடி, ஆவணியில் நன்றாகக் கறுத்து, தொட்டால் நெகிழும் பழங்களாகப் பார்த்துப் பறிக்க வேண்டும். தண்ணீரில் போட்டுக் கையால் பிசைந்தால் சதை பிரிந்து, தட்டையான பழுப்பு விதைகள் அடியில் தங்கும். அவற்றைச் சாம்பலில் புரட்டி, நிழலில் ஒரே நாள் உலர்த்தி, மறுநாளே விதைத்துவிடுங்கள். செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நாற்றுப்பைகளில் நிரப்பி, பைக்கு இரண்டு விதைகளாக அரை அங்குல ஆழத்தில் ஊன்றலாம். ஈரம் காயாமல் பூவாளியால் தண்ணீர் தெளித்துவந்தால் இரண்டு முதல் நான்கு வாரங்களில் முளை தலைகாட்டும். இரண்டும் முளைத்தால் வலுவானதை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரித்துவிட வேண்டும். பிடுங்கினால் இருக்கும் செடியின் வேரும் அசையும்.

முளைத்த அந்த மழையிலேயே நட்டுவிடலாம் என்று தோன்றும். அப்படிச் செய்யக் கூடாது. நாற்று மிக மெதுவாகத்தான் வளரும். ஓராண்டு பையிலேயே வளர்ந்து, ஓரடி உயரமாகி, தண்டு கட்டைப்பட்ட பிறகு அடுத்த பருவமழையில் நடுவதே சரி. வேனலில் அரை நிழல் கொடுத்தால் போதும்.

நல்ல காய் காய்க்கும் குறிப்பிட்ட செடியையே பெருக்க வேண்டுமானால் விண்பதியம் போடலாம். பென்சில் பருமனுள்ள கிளையில் ஓர் அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, வேர்விடும் ஹார்மோன் பொடியைத் தடவி, ஈரமான தென்னைநார்க்கழிவை வைத்துப் பாலித்தீன் தாளால் இறுகக் கட்டவேண்டும். மழைக்காலத்தில் போட்ட பதியம் நன்றாகப் பிடிக்கும். வெறும் குச்சி ஊன்றி வளர்ப்பது களாவில் பெரும்பாலும் ஏமாற்றத்தில் முடிகிறது. அதனால் புதியவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கவில்லை.

நடவும் முதல் இரண்டு கோடையும்

புரட்டாசியில் ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து ஆறவிடுங்கள். ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்ததும், குழிக்கு ஐந்து கிலோ மக்கிய தொழுவுரமும் இரண்டு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும் மேல்மண்ணோடு கலந்து நிரப்பி, பையைக் கிழித்து, வேர்க்கட்டி உடையாமல் நாற்றை நடவேண்டும். மழை நான்கைந்து நாள் இடைவெளி விட்டால் மட்டும் தண்ணீர் ஊற்றினால் போதும்.

செடி சாகும் காலம் மழைக்காலத்தில் வருவதில்லை. நட்ட பிறகு வரும் முதல் இரண்டு கோடையில் வருகிறது. மாசி முதல் ஆனி வரை வாரத்துக்கு ஒரு முறை செடிக்குப் பத்து லிட்டர் தண்ணீர் கொடுத்து, அடியைச் சுற்றிக் காய்ந்த சருகும் வைக்கோலும் மூடாக்காகப் போடுங்கள். மூன்றாம் கோடையில் இதை மாதத்துக்கு இரண்டு முறையாகக் குறைக்கலாம். அதன் பிறகு வேலிக்காகத் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதில்லை. காய் பருக்க வேண்டும் என்றால் காய்ப்புக் காலத்தில் மட்டும் கொடுக்கலாம்.

இளஞ்செடியின் முள் மென்மையாக இருப்பதால் ஆடு தயங்காமல் கடிக்கும். வெட்டிய சீமைக்கருவேல முள்ளை வரிசையின் வெளிப்புறத்தில் அடுக்கி வைப்பது செலவில்லாத காவல். ஓராண்டில் அந்த முள் மட்கி விழும்போது மறுபடி அடுக்கவேண்டும்.

பூச்சி, நோய்த் தொல்லை களாவில் குறைவு. அரளியைத் தின்னும் பெரிய பச்சைப்புழு சில வேளைகளில் இங்கும் வரும். கையால் எடுத்துப் போடலாம். மாவுப்பூச்சி கண்டால் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தெளிக்கலாம். நுனி கருகிக் காயும் கிளைகளைப் பச்சைப் பகுதி வரை வெட்டி எரித்துவிட வேண்டும்.

எப்போது வெட்டுவது

களா வளர்ப்பில் அறிவு தேவைப்படும் இடம் இதுதான். அடர்ந்த வேலியும் வேண்டும், நிறையக் காயும் வேண்டும் என்பது இயல்பான ஆசை. ஆனால் களாவின் பூங்கொத்து கிளையின் நுனியில்தான் தோன்றுகிறது. கண்ணுக்கு அழகாக மாதாமாதம் நுனியைச் சீவிக்கொண்டே இருந்தால் வேலி சுவர் போல நிற்கும், ஒரு காயும் இராது. வெட்டாமலே விட்டால் காய் நிறைய வரும். ஆனால் அடிப்பகுதி வெறுமையாகி நாய் நுழையும் அளவுக்கு ஓட்டை விழும்.

முதல் இரண்டு ஆண்டுகளில் காயை மறந்துவிட்டு அடியை அடர்த்தியாக்குவதில் கவனம் வையுங்கள். செடி ஒன்றரை அடி உயரம் வந்ததும் பாதியாக வெட்டினால் அடியிலிருந்து நான்கைந்து கிளைகள் கிளம்பும். அவை மீண்டும் ஓரடி வளர்ந்ததும் பாதியாக வெட்ட வேண்டும். வளர்ந்த செடியை வெட்ட மனம் வராது. ஆனாலும் இந்த இரண்டு வெட்டையும் தவறவிட்டால் பின்னால் எவ்வளவு முயன்றாலும் அடி அடர்த்தியாகாது.

மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு ஒரே கவாத்து போதும். கடைசிப் பழம் பறித்து முடிந்ததும், ஆவணிக் கடைசியிலோ புரட்டாசித் தொடக்கத்திலோ அதைச் செய்துவிட வேண்டும். அப்போது வெட்டிய இடத்திலிருந்து ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் புதுக்கிளைகள் முற்றி, மாசி, பங்குனியில் பூக்கும். தை பிறந்த பிறகு கத்தரியை எடுக்கக் கூடாது. நான் கையாளும் முறை இன்னும் சற்று வேறுபட்டது: தெருவைப் பார்த்த புறத்தை நேராகச் சீவிவிட்டு, வீட்டைப் பார்த்த உட்புறத்தைத் தளர்வாக விட்டுவிடுகிறேன். வெளியே வேலியாகவும் உள்ளே பழச்செடியாகவும் ஒரே வரிசை இருவேலை செய்கிறது. உயரத்தை ஐந்து அடியில் நிறுத்தி, அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் இருக்கும்படி வெட்டினால் கீழ்க்கிளைகளுக்கும் வெயில் கிடைக்கும்.

வெட்டும்போது தடித்த கையுறை, கண்ணாடி, மூடிய காலணி மூன்றும் கட்டாயம். வெட்டிய இடத்தில் வடியும் பால் கண்ணில் படக் கூடாது. கழித்த கிளைகளை அன்றே ஓரிடத்தில் குவித்துவிட வேண்டும். புல்லுக்குள் மறைந்த ஒரு துண்டு முள் ஆறு மாதம் கழித்துக் குழந்தையின் காலில் ஏறும்.

பறிப்பது

விதைச்செடி மூன்றாம் ஆண்டிலும் பதியச்செடி இரண்டாம் ஆண்டிலும் காய்க்கத் தொடங்கும். மாசி மாத மாலையில் வேலியோரம் நடந்தால் மல்லிகையை நினைவூட்டும் மணம் வரும். அதன் பிறகு மூன்று மாதங்களுக்கு மேல் ஆகும் காய் முற்ற. ஊறுகாய்க்கு வைகாசி, ஆனியில் பச்சையாக, கெட்டியாக இருக்கும் காய்; ஜெல்லிக்கு ஆனிக் கடைசியில் செம்மை ஏறிய அரைப்பழம்; தின்பதற்கும் சர்பத்துக்கும் ஆடியில் கறுத்த பழம். ஒரே செடியில் இவை மூன்றும் ஒன்றாக இருப்பதால் பல தடவையாகப் பறிக்கவேண்டி வரும். பழுத்தது இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது; காய் ஒரு வாரம் வரை இருக்கும். உச்சிக்கிளைப் பழங்களைக் கொண்டைக்குருவிகளுக்கு விட்டுவிடுங்கள். முள்ளுக்குள் கூடு கட்டிக்கொண்டு அவை ஆண்டு முழுவதும் தோட்டத்துப் புழுக்களைப் பொறுக்கித் தின்கின்றன.

குழந்தைகளுக்கு ஒரு பாடம் தவறாமல் சொல்லித்தர வேண்டும். களாவும் அரளியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டிலும் பால் வடியும். அரளி கொடிய நஞ்சு. அரளிக்கு முள் இல்லை என்பதைச் செடியருகில் நிறுத்திக் காட்டுங்கள்; மஞ்சள் அரளியில் உருண்டைக் காய் காய்க்கும், அதுவும் நஞ்சு என்பதையும் சொல்லுங்கள். களாவிலும் பழத்தைத் தவிர இலை, பட்டை, வேர் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்பதே எங்கள் வீட்டு விதி.

ஊறுகாய்

ஒரு கிலோ பச்சைக் களாக்காயைக் கழுவித் துடைத்து, கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு இரண்டாக நறுக்கி, விதையைக் கத்திமுனையால் தள்ளிவிடுங்கள். எண்ணெய் தடவாவிட்டால் பால் பிசினாகக் கையில் ஒட்டி, சோப்புக்கும் போகாது. நறுக்கிய துண்டுகளை உப்புத் தண்ணீரில் ஒரு மணிநேரம் போட்டுவைத்தால் பால் பிரிந்து மேலே மிதக்கும். அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி கழுவி, வெள்ளைத்துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்த வேண்டும்.

உலர்ந்த துண்டுகளில் 150 கிராம் கல்லுப்பும் இரண்டு தேக்கரண்டி மஞ்சள்தூளும் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் மூன்று நாள் ஊறவிட்டு, நாள்தோறும் குலுக்கிவிடுங்கள். நான்காம் நாள் 250 மில்லிலிட்டர் நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கடுகு தாளித்து, அடுப்பை அணைத்து, சூடு சற்றுத் தணிந்ததும் நூறு கிராம் மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி, பெருங்காயம் ஆகியவற்றைச் சேர்த்து, ஆறியபின் ஜாடியில் ஊற்றிக் கிளற வேண்டும். எலுமிச்சைச் சாறோ வினிகரோ தேவையில்லை. களாவின் சொந்தப் புளிப்பே போதும். ஒரு வாரம் கழித்து எடுத்தால் தயிர்சோற்றுக்கு வேறொன்றும் கேட்கத் தோன்றாது. துண்டுகள் எப்போதும் எண்ணெய்க்குள் மூழ்கியிருக்க வேண்டும்.

என் அப்பத்தா இவ்வளவு பாடுபட மாட்டார். முழுக்காயை அம்மியில் வைத்து ஒரு தட்டு தட்டி, விதை தெறித்ததும் உப்பும் பச்சைமிளகாயும் போட்டுச் சட்டியில் ஊறவைத்து, மறுநாள் காலைக் கஞ்சிக்கு எடுத்துவிடுவார். அதுதான் எனக்கு இன்றும் பிடித்த சுவை. ஊறிய துண்டுகளை வெயிலில் நான்கைந்து நாள் காயவைத்தால் களா வற்றலாகிவிடும்.

ஜெல்லியும் கடைச் செர்ரியும்

சாற்றை ஜெல்லியாக உறையவைக்கும் பெக்டின் என்ற பொருள் களாவில் இயற்கையாகவே நிறைய இருப்பதால், ஜெல்லி செய்யக் கடையில் பெக்டின் வாங்க வேண்டியதில்லை. செம்மை ஏறிய அரைப்பழத்தில் இந்தப் பெக்டின் கூடுதல். நிறத்துக்காகக் கால் பங்கு கறுத்த பழம் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு கிலோ பழத்தை இரண்டாகப் பிளந்து, ஒரு லிட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் வேகவைத்து, மெல்லிய துணியில் கட்டித் தொங்கவிடுங்கள். பிழியக் கூடாது, பிழிந்தால் சாறு கலங்கிவிடும். வடிந்த சாற்றை அளந்து, லிட்டருக்கு முக்கால் கிலோ சர்க்கரை சேர்த்து, எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கவைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரத்தைப் புளிப்பு அரிக்கும் என்பதால் தவிருங்கள். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சொட்டுச் சொட்டாக விழாமல் இரண்டு சொட்டுகள் ஒன்றுசேர்ந்து ஏடாகச் சரிந்து விழும் நிலையே பதம். வெப்பமானி இருந்தால் 105 டிகிரி செல்சியஸ். கொதிநீரில் சுத்தப்படுத்திய கண்ணாடிப் புட்டியில் சூடாகவே ஊற்றி மூடுங்கள். பாத்திரத்தின் உட்புறத்தில் படியும் பிசினை எண்ணெய் தொட்ட துணியால் துடைத்த பிறகே தேய்க்க வேண்டும்.

பேக்கரி கேக்கின் மேல் வைக்கும் சிவந்த செர்ரிகளில் பல, விதை நீக்கி, நிறம் போக்கி, சர்க்கரைப்பாகில் ஊறவைத்துச் செயற்கை நிறமேற்றிய களாக்காய்களே. அந்த நிறம் வீட்டுக்குத் தேவையில்லை. விதை நீக்கிய காயைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டெடுத்து, மெல்லிய பாகில் தொடங்கி, நாளுக்கு நாள் பாகைக் கெட்டியாக்கிக்கொண்டே ஐந்தாறு நாள் ஊறவைத்தால், கேக்கிலும் கேசரியிலும் போடத் தக்க இனிப்புக் களா கிடைக்கும்.

ஆடியில் சர்பத்துக்காகக் கறுத்த பழத்தைப் பிசையும் நாளில், சல்லடையில் தங்கும் விதைகளைக் கொட்டிவிடாதீர்கள். வேலியில் எங்கேனும் செடி பட்டுப்போய் இடைவெளி விழுந்திருக்கும். அதை நிரப்புவதற்கான நாற்றுக்கு அன்று மாலையே பத்துப் பைகளில் விதையை ஊன்றிவிடலாம்.